மாதச் சம்பளம் இல்லாதவர்கள் கடன் அட்டைக்கு விண்ணப்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தத் தொழில் செய்வோர், ஒப்பந்தப் பணியாளர்கள், ஓய்வூதியர்கள், வாடகை வருமானத்தில் வாழ்வோர், இல்லத்தரசிகள், மாணவர்கள் ஆகியோர் கடன் அட்டை குறித்து வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஆயினும் வங்கிகள் விண்ணப்பத்தை எடைபோடும் முறை எங்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் அந்த முறையை விளக்குவதே இதன் நோக்கம். தேவைப்படும் இடத்தில் இந்திய, அமெரிக்க விதிகள் எடுத்துக்காட்டப்படுகின்றன.

மாதச் சம்பளம் இல்லாத ஒருவருக்கு வங்கி கடன் அட்டை தருமா?

தரும். செலவழித்த பணத்தைத் திருப்பிக் கட்டும் திறன் விண்ணப்பதாரருக்கு உண்டா என்பதைத்தான் அட்டை வழங்கும் நிறுவனம் அறிய விரும்புகிறது. அந்தத் திறனைக் காட்டும் ஆவணங்களில் சம்பளச் சீட்டு மிக எளிதானது என்பதால் அது முதலில் கேட்கப்படுகிறது. அமெரிக்காவில் 2009-இல் இயற்றப்பட்ட கடன் அட்டைச் சட்டமும், அட்டை தருவதற்கு முன் விண்ணப்பதாரரின் செலுத்தும் திறனை ஆராய வேண்டும் என்று சொல்கிறதே தவிர, அவர் யாரிடமாவது வேலை பார்த்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. நடைமுறையில் உள்ள வேறுபாடு ஆவணங்களின் அளவில்தான் இருக்கிறது. சம்பளக்காரர் சில மாதச் சீட்டுகளைக் காட்டினால் போதும் என்ற இடத்தில், மற்றவர் ஓராண்டுக் கணக்கையோ அதற்கு மேலுமோ எடுத்து வைக்க வேண்டியிருக்கும். அட்டை தேவைப்படும் வாரத்தில்தான் ஆவணங்களைத் தேடத் தொடங்குவேன் என்பவருக்கு இது கடினமாகத் தோன்றும். ஆறு மாதமோ ஓராண்டோ முன்னதாகவே தயாராகிறவருக்குப் பெரிய தடை ஏதும் இல்லை.

விண்ணப்பத்தில் தொழில் வகையை எப்படிக் குறிப்பது?

உள்ளதை உள்ளபடி குறியுங்கள். சுயதொழில், தொழில்முறை வல்லுநர், ஓய்வூதியர், இல்லத்தரசி, மாணவர் என்று படிவத்தில் தனித்தனி வகைகள் இருக்கும். நீங்கள் எந்த வகையைத் தேர்கிறீர்களோ அதற்குரிய ஆவணங்களே அடுத்துக் கேட்கப்படும். அவ்வப்போது ஒப்பந்தப் பணி செய்யும் ஒருவர் "சம்பளம் பெறுபவர்" என்று குறித்துவிட்டால், இல்லாத சம்பளச் சீட்டை வங்கி கேட்கும், விண்ணப்பமும் அங்கேயே நின்றுவிடும்.

எந்தெந்த வருமானம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்?

தொடர்ந்து வரக்கூடியதும் ஆவணத்தில் காட்டக்கூடியதுமான எந்த வருமானமும் பொதுவாக ஏற்கப்படும். தொழில் இலாபம், ஒப்பந்தக் கட்டணம், வீட்டு வாடகை, ஓய்வூதியம், வைப்புநிதி வட்டி, பங்கு ஈவுத்தொகை ஆகியவை இதில் அடங்கும். நிலம் விற்று வந்த பணம், உறவினர் கொடுத்த அன்பளிப்பு, வேறு இடத்தில் வாங்கிய கடன் ஆகியவை எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும் வருமானமாகக் கருதப்படுவதில்லை. ஏனெனில் அவை அடுத்த ஆண்டும் வரும் என்று எவரும் சொல்ல முடியாது.

வாழ்க்கைத்துணையின் வருமானம் பற்றிய நிலை நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் 2009 சட்டத்துக்கான விதிகள் முதலில் விண்ணப்பதாரரின் சொந்த வருமானத்தை மட்டுமே பார்க்கச் சொன்னதால், வீட்டைக் கவனித்துக்கொள்ளும் பெண்கள் பலர் அட்டை பெற முடியாமல் போயிற்று. இதற்கு எழுந்த எதிர்ப்பின் விளைவாக 2013-இல் விதி திருத்தப்பட்டு, 21 வயது நிரம்பியவர்கள், தாங்கள் நியாயமாகப் பயன்படுத்தக்கூடிய குடும்ப வருமானத்தையும் குறிப்பிடலாம் என்றானது. மற்ற நாடுகளில் இது பெரும்பாலும் வங்கியின் சொந்தக் கொள்கையாகவே இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வங்கிக் கணக்கு அறிக்கையில் அவர்கள் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்?

பெரும்பாலோர் மொத்த வரவைத்தான் பார்ப்பார்கள் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அறிக்கையை ஆராயும் அதிகாரியோ மென்பொருளோ முதலில் வரவுகளைப் பிரித்துக் கழிக்கத் தொடங்குகிறது. உங்களுடைய ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நீங்களே மாற்றிய பணம் நீக்கப்படும். கடனாக வந்த தொகை நீக்கப்படும். திரும்பி வந்த பணம், இரத்தான பரிவர்த்தனை ஆகியவையும் நீக்கப்படும். இவை போக எஞ்சுவதே உங்கள் வரவு. இரண்டு கணக்குகளுக்கிடையே பணத்தைச் சுழற்றி வரவைப் பெரிதாகக் காட்டலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால், அது எளிதில் கண்டுபிடிக்கப்படும் தந்திரம் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

அடுத்ததாக, பணம் கணக்கில் எவ்வளவு நாள் தங்குகிறது என்பது பார்க்கப்படுகிறது. மாதம் ஒருமுறை பெரிய தொகை வந்து, அன்று மாலையே முழுவதும் எடுக்கப்பட்டு, இருப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் கிடக்கும் கணக்கைக் காட்டிலும், குறைவான வரவே இருந்தாலும் எல்லா நாள்களிலும் ஓரளவு இருப்பு உள்ள கணக்கு நம்பிக்கையைத் தருகிறது. இதற்காகவே சராசரி நாளிறுதி இருப்பு கணக்கிடப்படுகிறது. மூன்றாவதாக, பணம் போதாமல் திரும்பிய காசோலை அல்லது தானியங்கிப் பற்று ஒன்றிரண்டு இருந்தாலும் அது உடனே கண்ணில் படும். சம்பளம் இல்லாதவர் விண்ணப்பத்தில் இதைவிடப் பாதகமான வரி எதுவும் இல்லை என்பது என் கருத்து.

நான்காவது, வரவின் மூலம். ஒரே வாடிக்கையாளரிடமிருந்து மட்டும் பணம் வருகிறதா, பலரிடமிருந்து வருகிறதா, வரவுக் குறிப்பில் பெயர் தெளிவாக இருக்கிறதா என்பவையும் கவனிக்கப்படும். கையில் ரொக்கமாகக் கூலி வாங்குபவர்கள் இங்கே பெரிதும் இழக்கிறார்கள். ரொக்கத்தை வாங்கி நேரடியாகச் செலவழித்துவிட்டால், வங்கியைப் பொறுத்தவரை அந்த வருமானம் இல்லவே இல்லை. ஆகையால் வருமானம் எவ்வளவு ஒழுங்கற்றதாக இருந்தாலும், அதை முதலில் ஒரே கணக்கில் செலுத்திவிட்டு, பின்னர் அங்கிருந்து செலவுக்கு எடுக்கும் பழக்கத்தை ஆறு மாதங்களுக்காவது கடைப்பிடியுங்கள்.

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருக்க வேண்டுமா?

சுயதொழில் வகையில் விண்ணப்பிப்பவரிடம் அது பெரும்பாலும் கேட்கப்படும். ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளின் கணக்கைக் கேட்கும் வங்கிகளும் உண்டு. வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் தாமாகவே கணக்கு தாக்கல் செய்துவைப்பது பயன் தரும். இங்கே ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். வங்கி பார்ப்பது விற்றுமுதலை அல்ல, செலவு போக நீங்கள் அறிவித்த நிகர வருமானத்தை. வரியைக் குறைப்பதற்காகக் கழிக்கக்கூடிய செலவையெல்லாம் கழித்து வருமானத்தை மிகச் சிறியதாகக் காட்டியவர், அதே தாளை எடுத்துக்கொண்டு பெரிய கடன் வரம்பு கேட்டு வங்கிக்குப் போனால், அந்தத் தாளே அவருக்கு எதிராகப் பேசும்.

ஒழுங்கற்ற வருமானத்தைப் படிவத்தில் ஒரே எண்ணாக எப்படி எழுதுவது?

ஓராண்டுக் கூட்டலிலிருந்து தொடங்குங்கள். எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு மூன்று மாதங்களில் தலா 60,000, ஐந்து மாதங்களில் தலா 20,000 வந்து, மீதி நான்கு மாதங்களில் ஒன்றும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு மொத்த வரவு 2,80,000. தொழிற்செலவு 80,000 என்றால் நிகர வருமானம் 2,00,000. மாதச் சராசரி ஏறக்குறைய 16,667. படிவத்தில் எழுத வேண்டியது இந்த எண்தான். நல்ல மாதத்தின் 60,000-ஐ எழுதுவது பொய்த் தகவல் ஆகும். ஆவணங்களோடு ஒப்பிடும்போது அது வெளிப்பட்டால் விண்ணப்பம் தள்ளுபடி ஆவதோடு நிற்காமல், அதே வங்கியில் பிற்காலத்தில் கேட்கும் கடனையும் பாதிக்கலாம். வேண்டுமென்றே பொய் எழுதுவது பல நாடுகளில் தண்டனைக்குரிய குற்றமும் ஆகும்.

இதுவரை கடனே வாங்கியதில்லை. அது நல்லதுதானே?

வாழ்க்கைக்கு நல்லது, ஒருவர் கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவாரா என்பதை எண்ணால் காட்டும் கடன் மதிப்பெண்ணுக்கு உதவாது. திருப்பிக் கட்டிய வரலாறு இருந்தால்தான் மதிப்பெண் கணக்கிட முடியும். அமெரிக்காவில் 1989 முதல் வழக்கத்தில் உள்ள ஃபைகோ மதிப்பெண் 300-இலிருந்து 850 வரையிலும், இந்தியாவில் சிபில் மதிப்பெண் 300-இலிருந்து 900 வரையிலும் அமைகின்றன. ஃபைகோ முறையில் ஏறத்தாழ 35 விழுக்காடு தவறாமல் கட்டிய வரலாற்றுக்கும், 30 விழுக்காடு நிலுவைத் தொகைகளுக்கும் உரியது. வருமானம் இந்த மதிப்பெண்ணில் இடம்பெறுவதே இல்லை என்பதைச் சம்பளம் இல்லாதவர்கள் குறிப்பாக அறிந்துகொள்ள வேண்டும். குறைந்த வருமானம் உள்ளவரும் முழு மதிப்பெண்ணை நெருங்க முடியும்.

வரலாறே இல்லாதவரின் நிலை, கட்டத் தவறியவரின் நிலையைவிட மேலானது. விண்ணப்பிக்கும் முன், உங்கள் கடன் வரலாற்றைத் தொகுத்துக் காட்டும் கடன் அறிக்கையை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். இந்தியாவில், இந்த வரலாற்றைத் திரட்டி வைக்கும் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும். உங்களுக்குத் தொடர்பில்லாத கடன் உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால் அதைத் திருத்திய பிறகே விண்ணப்பியுங்கள்.

வைப்புத்தொகையை வைத்துப் பெறும் அட்டை என்பது என்ன?

வங்கியில் ஒரு தொகையை நிரந்தர வைப்பாகவோ பிணையாகவோ வைத்து, அதன் பேரில் பெறும் அட்டை அது. வைப்புத்தொகையின் முழு அளவுக்கோ அதில் குறிப்பிட்ட பங்குக்கோ கடன் வரம்பு தரப்படும். நீங்கள் கட்டத் தவறினால் வங்கி அந்த வைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்பதால், வருமான ஆவணம் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை, அல்லது பெயரளவுக்குக் கேட்கப்படும். சம்பளம் இல்லாதவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். கடையிலோ இணையத்திலோ பயன்படுத்தும்போது மற்ற அட்டைகளுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. ஒவ்வொரு மாதமும் கட்டிய விவரம் கடன் தகவல் நிறுவனத்துக்குப் போவதால் வரலாறும் உருவாகும்.

ஆனால் சேரும் முன் நான்கு விவரங்களை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மாதாந்திர விவரம் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பப்படுகிறதா? அனுப்பப்படாவிட்டால் இந்த அட்டையால் பாதிப் பயன் போய்விடும். வைப்புக்கு வட்டி உண்டா? ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? எத்தனை மாதம் ஒழுங்காகக் கட்டிய பின் பிணையில்லா அட்டைக்கு மாற்றுவார்கள்? அட்டை நடப்பில் இருக்கும் வரை வைப்பை உடைக்க முடியாது என்பதால், அவசரத் தேவைக்கென்று வைத்திருக்கும் ஒரே சேமிப்பை இதில் போட வேண்டாம். வருமானம் வராத மாதத்தில் கைகொடுக்க வேண்டிய பணம் அது.

குடும்பத்தில் ஒருவரின் அட்டைக்குத் துணை அட்டை வாங்கினால் போதாதா?

செலவழிக்க மட்டும் அட்டை வேண்டும் என்றால் போதும். கட்ட வேண்டிய பொறுப்பு முதன்மை அட்டைதாரரிடமே இருக்கும். துணை அட்டையில் செய்யும் செலவும் அவருடைய வரம்பிலிருந்தே கழியும். அமெரிக்காவில் துணை அட்டைதாரரின் அறிக்கையிலும் அந்தக் கணக்கு பதிவாவது வழக்கம். எல்லா நாடுகளிலும் அப்படி இல்லை. உங்கள் பெயரில் வரலாறு வேண்டுமென்றால் வைப்பின் பேரிலான தனி அட்டையே நம்பகமான வழி.

மாணவர்கள் விண்ணப்பிக்கலாமா?

பெரும்பாலான நாடுகளில் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அமெரிக்காவில் 21 வயதுக்குட்பட்டவர்கள் தமக்குச் சொந்த வருமானம் உண்டு என்று காட்ட வேண்டும், அல்லது உடன் கையொப்பமிடும் ஒருவரோடு விண்ணப்பிக்க வேண்டும். கல்விக்கடனாக வந்த பணத்தை வருமானம் என்று எழுதக் கூடாது.

ஒன்று மறுத்தால் இன்னொன்று தரும் என்று ஒரே நேரத்தில் பல வங்கிகளில் விண்ணப்பிக்கலாமா?

வேண்டாம். நீங்கள் விண்ணப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வங்கி உங்கள் கடன் அறிக்கையைக் கேட்டுப் பெறுகிறது. அந்த விசாரணை அறிக்கையிலேயே பதிவாகிறது. சில வாரங்களுக்குள் ஐந்தாறு விசாரணைகள் இருந்தால், பணத்துக்கு அலைகிறவர் என்ற எண்ணத்தை அது தரும். வருமானம் ஏற்கெனவே ஐயத்தோடு பார்க்கப்படும் நிலையில் இந்தச் சுமையையும் சேர்த்துக்கொள்ளத் தேவையில்லை. தகுதி உண்டா என்று முன்கூட்டியே பார்க்கும் வசதியைச் சில வங்கிகள் தருகின்றன. அது மதிப்பெண்ணைப் பாதிக்காத வகையிலான விசாரணைதானா என்று உறுதி செய்துகொண்டு பயன்படுத்தலாம். முதல் விண்ணப்பத்தை, உங்கள் வரவுசெலவு பல ஆண்டுகளாக நடக்கும் வங்கியிலேயே செய்வது சிறந்தது. உங்கள் கணக்கின் வரலாறு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் என்ன செய்வது?

காரணத்தைக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டின் சமவாய்ப்புக் கடன் சட்டத்தின்படி, முழுமையான விண்ணப்பம் கிடைத்த 30 நாள்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் அதற்கான காரணத்தை அறியும் உரிமையும் விண்ணப்பதாரருக்கு உண்டு. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட கடன் அட்டை நெறிமுறைகள், நிராகரிப்புக்கான முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கின்றன.

காரணம் என்ன என்பதைப் பொறுத்து அடுத்த நடவடிக்கை மாறும். முகவரிச் சான்றில் குறை என்றால் உடனே சரிசெய்து அனுப்பலாம். வருமானச் சான்று போதவில்லை என்றால் ஆறு மாதம் கணக்கை ஒழுங்காக நடத்திய பிறகு மீண்டும் முயல்வதே முறை. அடுத்த வாரமே அதே தாள்களோடு மீண்டும் விண்ணப்பிப்பதால் இன்னொரு விசாரணை பதிவாவது தவிர வேறு பயன் இல்லை.

வருமானம் வராத மாதத்தில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் என்ன?

தாமதக் கட்டணம் விழாது. தவறியவர் என்ற பதிவும் ஏற்படாது. ஆனால் வட்டி நிற்காது. நிலுவை 10,000, குறைந்தபட்சத் தொகை அதில் 5 விழுக்காடு, வட்டி மாதத்துக்கு 3 விழுக்காடு என்று வைத்துக் கணக்கிடுவோம். நீங்கள் 500 கட்டுகிறீர்கள். மீதி 9,500-க்கு வட்டி 285 சேர்கிறது. அடுத்த அறிக்கையில் நிலுவை 9,785. கட்டியது 500, கடன் குறைந்தது 215. புதிதாக எதையும் வாங்காமல் இதே வகையில் கட்டிக்கொண்டே போனாலும், நிலுவை பாதியாகக் குறைய இரண்டு ஆண்டு எட்டு மாதம் ஆகும்.

பலரும் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. நிலுவையைச் சுமந்து செல்லும் மாதங்களில் வட்டியில்லாக் காலம் பொதுவாக நீக்கப்பட்டுவிடும். அதாவது, முழுத் தொகையைக் கட்டுபவர் வாங்கும் பொருளுக்குக் கெடுநாள் வரை வட்டி இல்லை. நிலுவை வைத்திருப்பவர் வாங்கும் பொருளுக்கோ, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுத்தால், நிலுவை இல்லாவிட்டாலும் எடுத்த நாள் முதல் வட்டியும் தனிக் கட்டணமும் உண்டு. நிலையான வருமானம் உள்ளவர் அடுத்த சம்பளத்தில் இதிலிருந்து மீண்டுவிடலாம். அடுத்த வரவு எப்போது என்று தெரியாதவர் மீள்வது கடினம். ஆகவே கையில் ஏற்கெனவே இருக்கும் பணத்துக்கு மட்டுமே அட்டையைப் பயன்படுத்துவது, அதாவது வாங்கும் நாளிலேயே அந்தத் தொகையைக் கணக்கில் ஒதுக்கிவிடுவது, இத்தகையவர்களுக்குப் பொருந்தும் ஒரே முறை என்று கருதுகிறேன். செலவும் வரம்பில் 30 விழுக்காட்டைத் தாண்டாமல் இருந்தால் மதிப்பெண்ணுக்கு நல்லது.

கட்டணம் செலுத்தும் தேதியை நம் வசதிக்கு மாற்ற முடியுமா?

பல வங்கிகள் அனுமதிக்கின்றன. இந்தியாவில் கணக்குச் சுழற்சியை, அதாவது மாதக் கணக்கு தொடங்கி முடியும் நாள்களை, ஒருமுறையாவது மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை அட்டைதாரருக்குத் தர வேண்டும் என்பது விதி. வாடகையோ ஓய்வூதியமோ மாதத்தின் முதல் வாரத்தில் வருமானால், கெடுநாள் இரண்டாவது வாரத்தில் அமையுமாறு கேட்டு வாங்குங்கள். முழுத் தொகையும் தானாகப் பற்று வைக்கப்படும் ஏற்பாட்டைச் செய்பவர்கள், கணக்கில் பணம் இல்லாமல் பற்று திரும்பினால் வங்கிக் கணக்கு, அட்டை என இரு பக்கமும் கட்டணம் விழலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆவணம் இல்லாமல் அட்டை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். உண்மையான வங்கி தன் கட்டணத்தை அட்டைக் கணக்கிலேயே பற்று வைக்கும்; தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொல்லாது. கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்பவர் யாராக இருந்தாலும் உரையாடலை அங்கேயே முடித்துவிடுங்கள்.

அட்டை வேண்டாம் என்று பிறகு தோன்றினால்?

நிலுவை முழுவதையும் கட்டிவிட்டு எழுத்தில் மூடக் கோருங்கள். அட்டையை வெட்டிப் போடுவதால் மட்டும் கணக்கு மூடப்படுவதில்லை, ஆண்டுக் கட்டணம் தொடர்ந்து விழும். இந்தியாவில் நிலுவை இல்லாத அட்டையை மூடும் கோரிக்கையை ஏழு வேலை நாள்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாயை வங்கி வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். வைப்பின் பேரில் பெற்ற அட்டையானால், மூடியதற்கான உறுதிக் கடிதத்தோடு, வைப்பின் மீதான பிணை நீக்கப்பட்டதற்கான சான்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.